ஃப்ளோரா சிஸ்டர் கொடுத்தது விஷமல்ல

என் பெயர் மாயா. வயது முப்பத்திரண்டு. கணவர் பெயர் பரசுராமன். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், தண்ணீர் டேங்குக்கு எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். இறால் உரிக்கும் கம்பெனியில் கூலி வேலை செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். கல்மண்டபத்தில் போதை சிகிச்சை மையத்தில் நர்ஸாக இருக்கும் ஃப்ளோரா என் கணவருக்கு விஷ மாத்திரை கொடுத்துவிட்டதாக என் கொழுந்தன் டில்லிபாபு நேற்று புகார் கொடுத்திருக்கிறார். அது சம்பந்தமாக இன்று, 2007ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 9ஆம் தேதி, யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் வெள்ளத்துரை அவர்களிடம் சொல்வதாவது.

என் கணவர் கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறார். கல்யாணமான மறு வருடத்திலிருந்தே பிரவுன் சுகர் பவுடர் இழுக்கும் பழக்கம். பவுடர் கிடைக்காத நாளில் கை கால் முறுக்கிக்கொண்டு கிடப்பார். அப்போதெல்லாம் காலை அமுக்கிவிட்டது நான், வெந்நீர் ஊற்றியது நான், வாந்தியை அள்ளியதும் நான். தாங்க முடியாமல் நானே போய்ப் பவுடர் வாங்கி வந்த நாளும் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கெட்டுக் கிடந்தபோது அவர் எனக்கு மட்டும்தான் சொந்தமாக இருந்தார்.

அதன் பிறகு யார்டில் கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லி, அவர் கல்மண்டபம் மையத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே தினமும் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைப்பார்கள், அதை வைத்தால் பவுடரைத் தேடாது என்றார்கள். டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். கொடுப்பது ஃப்ளோரா. மாத்திரை தொடங்கும் முன் சில நாள் பேசுவதற்கு மட்டும் வரச் சொன்னார்கள். அங்கே போகிற நாளில் என் கணவர் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுப் போனார். என்னோடு சினிமாவுக்கு வந்தபோதுகூட அவர் இஸ்திரி போட்டதில்லை.

ஃப்ளோரா அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. முதன்முதலில் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து பவுடர் இழுத்த கதையை அவளிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அதையே நான் எத்தனையோ தரம் கேட்டபோது, "உனுக்கு எதுக்குமே அது?" என்று வாயை அடைத்தவர் அவர்.

அதன் பிறகு, முதல் மாத்திரை போடுவதற்கு முன்னால் எப்படி வர வேண்டும் என்று ஃப்ளோரா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "உடம்புல பவுடர் சுத்தமா எறங்கணும் அண்ணே. மூக்கு ஒழுகணும், கொட்டாவி வரணும், மயிர்க்காலு நிக்கணும். அந்த நெலமைல வந்தாத்தான் மாத்திர. பவுடர் உள்ள இருக்கும்போது போட்டா மொத்த வலியும் ஒண்ணாக் கெளம்பிடும்" என்றாள். அவள் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அவள் சொல்லுக்கெல்லாம் என் கணவர் பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டியதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலியோடு வா, நான் தீர்த்துவைக்கிறேன் என்று அவள் பெருமைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நேற்றுக் காலையில் முதல் மாத்திரை. முந்தின நாளிலிருந்தே அவர் பவுடர் தொடவில்லை. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். காலைப் பிடித்துவிடப் போனேன். "வேணாம்மே. இன்னும் கொஞ்ச நேரம்தான். சிஸ்டரு கைல மாத்திர வாங்கிட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. முன்பு அவர் சட்டையைத் துவைக்கும்போது எடுத்த பவுடர் பொட்டலம் ஒன்றை அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். தூக்கிப் போட வேண்டியதுதான். என்றைக்காவது துடித்தால் என்னிடம் வரட்டும் என்று வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டி, "எங்கைல வாங்குய்யா" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் இழுத்து முடித்து, முகம் கழுவி, அதே இஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டு, "வாமே, டயமாச்சு" என்றார். என் கையால் வாங்கிய பிறகும் அவளிடம்தான் கிளம்பினார்.

மையத்தில் ஃப்ளோரா அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "டவுட்டா கீதே அண்ணே, காலைல எடுத்தீங்களா?" என்று கேட்டாள். இன்றைக்கு விட்டால் மையத்தில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் இல்லை என்றார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மாயா. உன்ன நம்பித்தான் குடுக்கப் போறேன்" என்றாள். நான் தாலியைப் பிடித்துக்கொண்டு, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். எடுத்தார் என்றால் யார் கொடுத்தது என்று கேட்பாள். அது மட்டுமில்லை, அவள் மாத்திரை பலிக்காமல் போகட்டும் என்ற ஆசையும் இருந்தது. அது அவரை அப்படிப் புரட்டி எடுக்கும் என்று நினைக்கவில்லை.

அதன் பிறகு அவள் மாத்திரையைப் பொடித்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். கரைந்ததா என்று பார்க்க, வாயைத் திற என்றாள், திறந்தார். நாக்கைத் தூக்கு என்றாள், தூக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து வாந்தி எடுத்தார். ஃப்ளோரா அதிலேயே உட்கார்ந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, "உண்மையச் சொல்லு மாயா, எடுத்தாரா?" என்று கத்தினாள். நான் பதில் சொல்லவில்லை. அவளே ஆட்டோ பிடித்து, மையத்து ஆள் ஒருவரோடு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதன் பிறகு சேதி கேட்டு டில்லிபாபு ஆட்களோடு மையத்துக்கு வந்து, "எங்கண்ணனுக்கு இன்னாடி குடுத்த?" என்று கேட்டு அவளை அடித்து, மையத்தின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு இங்கே வந்து புகார் கொடுத்தார். அவள் காதில் ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

இன்று காலையில் வார்டில் என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். டில்லிபாபு ஆட்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததோ என்னவோ, உட்கார்ந்ததும், "சிஸ்டர போலீஸ் இட்டுகினு பூட்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் போயி சொல்லிடறேன். நானே வாங்கியாந்து திருட்டுத்தனமா இழுத்தேன்னு சொல்றேன். உன் பேரு வராது. புழலுக்குப் போனாலும் போறேன், அந்தப் பொண்ணு மாட்டக் கூடாது" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். என் பேர் வராது என்று சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. இங்கே உட்கார்ந்து சொல்லும்போதுதான் அதை நினைக்கிறேன். அவளுக்காக ஜெயிலுக்குப் போகிறேன் என்றதுதான் என்னைச் சுட்டது. எனக்காக அவர் ஒரு வேளை டீயைக்கூட விட்டதில்லை. "நீ படு" என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன்.

பெஞ்சில் காதில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஃப்ளோரா என்னைப் பார்த்ததும், "அண்ணன் எப்டி கீறாரு?" என்றுதான் கேட்டாள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றேன். அவள் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பவுடர் வைத்திருந்ததாகச் சொன்னால் என் மேல் வழக்கு வரும் என்று உதவி ஆய்வாளர் எச்சரித்தார். தெரிந்துதான் சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டியபோது 'மனம் திருந்தி உண்மையைச் சொல்ல வந்தேன்' என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். நான் மனம் திருந்தி வரவில்லை. அவளைக் காப்பாற்றியது என் கணவர் என்று ஆகிவிடக் கூடாது என்றுதான் வந்தேன். அவளை விட்டுவிடுங்கள். அவருக்கு மறுபடியும் வலி எடுக்கும்போது மாத்திரை வைக்க அவள் அங்கே இருக்க வேண்டும். நான் இருக்க மாட்டேன்.

திருத்திய பிறகு மறுபடியும் படித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, இதில் பொய் ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ப. மாயா

என் முன்னிலையில்,
(ஒப்பம்) வெள்ளத்துரை, உதவி ஆய்வாளர்