குதிரைக்குப் பத்தியம்

நீங்கள் மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான் விரும்பிப் படித்ததெல்லாம் மொழிபெயர்ப்புகள்தான். ரஷ்யாவின் பனியையும் பிரான்சின் மழைத் தெருக்களையும் தமிழில்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் எழுதியவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். ஒரு வேலையை யார் செய்தது என்று தெரிய வேண்டும் இல்லையா, ஐயா?

போலீஸ் அதிகாரியிடம் நான் சொல்வதை அப்படியே அரபியில் சொல்லுங்கள். சுருக்க வேண்டாம்.

என் பெயர் ஆரிப். சொந்த ஊர் கீழக்கரை. இங்கே முசஃபாவில் ஒரு பட்டறையில் லாரிகளுக்கும் கடைகளுக்கும் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்டிக்கர் வெட்டுகிற கம்ப்யூட்டர் வந்தது. நான் ஒரு நாள் முழுக்க எழுதுவதை அது டீ குடித்து முடிப்பதற்குள் வெட்டித் தள்ளியது. முதலாளி என் விசாவைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. அந்தக் குற்றத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது யாருக்கும் தெரியாமல் தன் அறையில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் வில்பிரட் அண்ணன். தன் முதலாளியான அர்பாபின் குதிரை ஏற்றும் வண்டிக்குப் பெயர் எழுத எங்கள் பட்டறைக்கு வந்து பழக்கமானவர். குளச்சல்காரர். மீன்பிடி விசா என்று சொல்லி அழைத்து வந்து, கடைசியில் பாலைவனத்து நடுவில் ஒரு தோட்டத்தில் குதிரை பார்க்க விட்டுவிட்டார்கள். அதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். "கடல்ல கெடந்தவன கொண்டாந்து மணல்ல கட்டிட்டானுவ மக்கா, குதிரைக்குப் பக்கத்துல."

அங்கே ஒரே குதிரைதான். சாம்பல் கலந்த வெள்ளை. அர்பாபின் மகன் ஏறிய குதிரை. அந்த மகன் கார் விபத்தில் இறந்த பிறகு அதன்மேல் யாரும் ஏறவில்லை. அர்பாப் வெள்ளிக்கிழமைகளில் வருவார். அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார், போய்விடுவார். பார்லியும் ஜத் என்கிற பச்சைப் புல்லும் பேரீச்சம்பழமுமாகத் தின்று குதிரை கொழுத்துக் கிடந்தது. அண்ணன் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்.

"வேலயும் கெடையாது வெட்டியும் கெடையாது, தின்னுட்டு நிக்குதுல்லா? பின்ன மாப்பிள்ளைன்னு சொல்லாம என்ன சொல்லச் சொல்லுதே?"

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஸ்பெயின் தேசத்துப் பழைய கதை ஒன்றின் தமிழ்ச் சுருக்கம். மூர்மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். ஒரு வயதான வீரனும் அவனைச் சுமக்கிற மெலிந்த குதிரையும். கதையைவிட அதிலிருந்த படங்களுக்காகத்தான் வாங்கினேன். கோடு கோடாகச் செதுக்கிய பழங்காலப் படங்கள். குதிரையின் விலா ஒவ்வொன்றும் தெரியும். கழுத்து தொங்கியிருக்கும். கடிவாளத்தை யாரும் இழுத்துப் பிடித்திருக்க மாட்டார்கள். உலகத்திலேயே துயரமான முகம் அந்தக் குதிரையுடையது என்று எனக்குத் தோன்றும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறேன்.

ஊரில் ஒரு சிறு பதிப்பகம் அந்தக் கதையை முழுதாக மொழிபெயர்த்துக் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்பட்டு என் படங்களை அனுப்பினேன். பதில் வந்தது. கோடு நன்றாக இருக்கிறது, ஆனால் படத்தைப் பார்த்து வரைந்த படம், உயிருள்ள குதிரையைப் பார்த்து வரைந்தால் அனுப்புங்கள், புத்தகத்தில் உங்கள் பெயர் போடுகிறோம் என்று. அவர்கள் சொன்னது நியாயம். நான் லாயத்துக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அதற்கு முகமே இல்லை. சதைதான் இருந்தது.

மே மாதம் அர்பாப் குடும்பத்தோடு குளிர்ந்த தேசத்துக்குப் போனார். அடுத்த வாரம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அர்பாபுக்குத் தெரிந்துவிடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். அவர் மகள் ஷாஜினிக்கு வரும் டிசம்பரில் புதுநன்மை, கோவிலில் முதல் நற்கருணை வாங்குகிற சடங்கு. அதற்கு லீவில் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும், வேலை போகக்கூடாது என்பதுதான் அவருக்கு.

"நான் இந்தக் கட்டில்ல கெடக்கேன். மாப்பிள்ளைய நீ பாத்துக்கிட்டா போதும் மக்கா. ஒரு குருவிக்கும் தெரியாண்டாம்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மஞ்சள் காமாலைக்குப் பத்தியம்தான் மருந்து. உங்களுக்கும் தெரிந்திருக்கும். உப்பில்லாத கஞ்சி, மோர், எண்ணெய் கூடாது, மீன் கூடவே கூடாது. நான் தவறாமல் காய்ச்சிக் கொடுத்தேன். அவர் இளைத்தார். இளைக்க இளைக்க அவர் கன்ன எலும்பும் தாடையும் வெளியே வந்தன. ஒரு நாள் அவர் தூங்கும்போது வரைந்து பார்த்தேன். அதற்கு முன் நான் வரைந்த எந்த முகத்திலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. பத்தியம் என்பது மனிதனுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருகிறது என்று அன்று புரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் பார்லியைப் பாதியாக்கினேன்.

அதில் கொடுமை எதுவும் இல்லை. கொழுத்த குதிரைக்கு அது நல்லதும்கூட. பிறகு புல்லைக் குறைத்தேன். பிறகு பார்லியை நிறுத்தினேன். தண்ணீர் எப்போதும் வைத்தேன், அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஒரு தடவைகூட அடித்ததில்லை. மூட்டைகளை நான் விற்கவும் இல்லை. எல்லாம் கொட்டகையில் அடுக்கியபடியே இருக்கின்றன, அதிகாரி போய்ப் பார்க்கலாம்.

படம் வரையக் காகிதம் கிடையாது. தொண்ணூற்றைந்தாம் வருடத்துக் காலண்டர் ஒன்று அறையில் இருந்தது, ஏதோ கடையில் கொடுத்த பெரிய காலண்டர். அதன் தாள்களைக் கிழித்துப் பின்பக்கத்தில் வரைந்து, என் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்தேன். முதலில் இடுப்பெலும்பு வந்தது. அப்புறம் விலா. கண்ணுக்கு மேலே குழி விழுந்தது. கழுத்து தானாகத் தொங்கியது, நான் ஒன்றும் செய்யவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிக் கதவருகே வரும். தீனி என்று நினைத்திருக்கும். நான் உட்கார்ந்து வரைய ஆரம்பித்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொள்ளும். அப்படி வைத்தால் எனக்கு அதன் முகம் தெரியாது, அதனால் மெதுவாகத் தள்ளி விடுவேன். மறுபடி வரும்.

லாயத்தின் மரக்கதவைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. அதையும் வரைந்தேன். ஒருமுறை நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு படத்தையே தின்றுவிட்டது. நல்ல படம் அது. அன்றைக்கு மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது.

அறையிலிருந்து அண்ணன் தினமும் கேட்பார். "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டியாலே?"

"போட்டாச்சு அண்ணே."

"சத்தமே காணலியே. நான் இருமுனா அங்கேருந்து கனைக்குமே."

"வெயில்ல அடங்கிக் கெடக்குது அண்ணே."

அவர் நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

தண்ணீர் லாரி ஓட்டுகிற மீராசா காக்கா ஒருவர்தான் அங்கே வந்துபோவார். எங்கள் ஊர்ப் பக்கம். அவர் லாயத்தை எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, குதிரை எலும்பாக் கெடக்கு? நோவா? டாக்டரைக் கூப்பிடவா, எனக்கு ஒரு பாகிஸ்தானி டாக்டரைத் தெரியும்."

"பத்தியம் காக்கா," என்றேன்.

"குதிரைக்கா பத்தியம்?"

"அர்பாப் சொல்லிட்டுப் போனது."

அர்பாப் சொன்னது என்றால் இங்கே யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். எனக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்திருந்தார், அதைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான் லாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். பத்தியத்தில் இருப்பவர் முன்னால் சாப்பிடக்கூடாது.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அவர் கண்ணில் மஞ்சள் ஜூன் மாதமே போய்விட்டது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அறையில் இருந்த கண்ணாடியை வெளிச்சத்தைத் திருப்புவதற்காக லாயத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன், அதனால் அவருக்கும் தெரியவில்லை. "ஒரு துண்டு மீன் குடுலே, வாய் செத்துப் போச்சு," என்று கேட்பார். இன்னும் மஞ்சள் இருக்கிறது அண்ணே, ஈரல் கெட்டுவிடும் என்பேன். கடல்கரையில் பிறந்த மனிதர், மீன் என்று சொல்லும்போதே தொண்டைக்குழி ஏறி இறங்கும். அதை வரைவது மிகவும் கடினம். வீரனும் குதிரையும் சேர்ந்து மெலிய வேண்டும், ஐயா. ஒருவர் மட்டும் மெலிந்தால் அது அந்தக் கதை இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலையில் மாப்பிள்ளை விழுந்தது. எழவில்லை. விழுகிற சத்தம் அறைக்குக் கேட்டிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்தார். அத்தனை வாரங்களில் அவர் வெளியே வந்தது அன்றுதான். லாயத்தின் வாசலில் நின்றார். கொட்டகையில் பிரிக்காமல் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், அதில் தன்னைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு மக்கா," என்றார். "அதுக்குத் திங்க ஏதாவது குடு."

நான் அசையவில்லை. அவரே போனார். மூட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்து ஒரு கை பார்லியை அள்ளிக்கொண்டு வந்து குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வாயருகே நீட்டினார். அது முகர்ந்தது. தின்னத் தெரியவில்லை. "மாப்பிள்ள, மாப்பிள்ள, இந்தா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது இறந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

சாலையில் கார்ச் சத்தம் கேட்டது. அர்பாப் சொன்னதைவிட முன்னதாகத் திரும்பிவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ ஓடுலே. ஒனக்கு விசா இல்ல."

பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாம் தெரிந்தது. அர்பாப் மண்டியிட்டார். தலைத்துணியை எடுத்துக் குதிரையின் கண்ணை மூடினார். ஒரு எலும்பான மனிதன், ஒரு எலும்பான குதிரை, பக்கத்தில் அழுகிற ஒரு கிழவர். கையில் தாள் இல்லையே என்று தவித்துப் போனேன். அண்ணனைப் போலீஸ் கொண்டுபோன பிறகு நினைவிலிருந்து வரைந்தேன், ஆனால் அதே போல் வரவில்லை.

இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். நான் மீராசா காக்காவின் அறையில் இருந்தேன். வரவேண்டும் என்று தினமும் நினைத்தேன். அண்ணன் காவலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எழுந்து நடக்க முடியவில்லை என்று காக்கா வந்து சொன்னார். எனக்கு வேதனையாகத்தான் இருந்தது. குளச்சலில் அவர் மனைவி ஜெனின் கோவிலே கதி என்று கிடப்பதாகவும் சொன்னார். அன்று நான் சாப்பிடவில்லை. ஆனாலும் அண்ணன் விரும்பித்தானே என்னைக் காப்பாற்றுகிறார், அவர் விருப்பத்தைக் கெடுக்கக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

நேற்று காக்கா ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான் தம்பி. குதிரையப் பட்டினி போட்டது நாந்தான், கூட யாருமே இல்லன்னுட்டான். கட்டிலுக்கு அடியில கெடந்த படத்தை எல்லாம் காட்டிக் கேட்டாங்களாம். அதையும் நாந்தான் வரைஞ்சேன்னு சொல்லிட்டான். பாவம்."

இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நிரபராதி என்னால் தண்டனை அனுபவிக்கக்கூடாது. அதனால்தான் விடிந்ததும் வந்தேன். என் சொந்த விருப்பத்தில் வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை.

குதிரையைப் பட்டினி போட்டது நான். அண்ணனைப் பட்டினி போட்டதும் நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

அதிகாரியின் மேஜையில் அந்தத் தாள்கள் இருக்கின்றன, பார்க்கிறேன். மேலே அரபியில் அண்ணன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பிரித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. பசையில் கோடு அழிந்துவிடும். ஒரு பென்சில் கொடுத்தால் இங்கேயே வரைந்து காட்டுகிறேன். வில்பிரட் அண்ணனுக்கு ஒரு கோடுகூட நேராக இழுக்க வராது. இதை மட்டும் விட்டுவிடாமல் மொழிபெயர்த்துவிடுங்கள்.