பின் சக்கரத்துக் காவல்காரன்

உங்கள் ஸ்டேஷன் மேசையின் ஒரு கால் ஆடுகிறது, சார். ஸ்பேனர் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் இறுக்கிவிடுவேன். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது. இருபத்திரண்டு வருஷ மெக்கானிக் கை இது. சரி, வேண்டாம். சொல்கிறேன்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், வாங்கிய பைக் இருநூறு குதிரைத்திறன். மூன்றே விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அவ்வளவு பலத்தை மனிதக் கை மட்டும் அடக்க முடியாது. அதற்காகத்தான் உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர். ஈரத்தில் பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினால், ஓட்டுகிறவருக்குத் தெரியும் முன்பே எஞ்சினை அடக்கிவிடும். முன் சக்கரம் எழும்பினால் இறக்கி வைக்கும். கடையில் அதைக் காவல்காரன் என்போம்.

மாப்பிள்ளைக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்தார். போன மாதம் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "மழையில கூட வளைவுல ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்குறேன் மச்சான், வண்டி அசையல. இதெல்லாம் ரத்தத்துல வரணும். உங்களுக்கு நட்டு போல்ட்டோட சரி" என்றார். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். எனக்கு வலித்தது. அன்றிலிருந்து கை ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுக்கிய ஸ்பேனர்களைக் கலைத்து மறுபடி அடுக்குவேன், மறுபடி கலைப்பேன்.

சனிக்கிழமை காலை வண்டியை சர்வீஸுக்கு விட்டார். ஆயில் மாற்றினேன், செயினை இறுக்கினேன். பிறகு காவல்காரனை அணைத்தேன். அணைத்தால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் எரியாமல் செய்தேன். நான் எதையும் உடைக்கவில்லை, சார். அவருடையது அல்லாத சாமர்த்தியத்தை மட்டும்தான் எடுத்தேன். சாயங்காலம் சாவியைக் கொடுத்தபோது, "பார்த்துப் போங்க மாப்பிள்ளை" என்றுகூடச் சொன்னேன்.

ஞாயிறு காலை மழை. பாலத்தை ஒட்டிய வளைவில் வழக்கம்போல் முறுக்கியிருக்கிறார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. பின்னால் உட்கார்ந்திருந்த என் தங்கை பாலத்துச் சுவரில் மோதி அங்கேயே இறந்துபோனாள்.

அவள் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா? கூடப் பிறந்தவள், சார். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையிடம், "அவளை எதுக்கு ஏத்துனீங்க?" என்று நானே கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நீங்கள் நீட்டுகிற அந்த வேலைச் சீட்டு என் கடையுடையதுதான். வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டு, எடைக்குத் தக்கபடி பின்பக்க ஸ்பிரிங்கை வைப்பது என் வழக்கம். மற்ற கடைகளில் இந்த அக்கறையெல்லாம் கிடையாது. ஆமாம், என் கையெழுத்துதான். 'இரண்டு பேர். எழுபத்தெட்டு, ஐம்பத்து நான்கு.' சனிக்கிழமை மதியம் அவளே போனில் சொன்னாள்: "அண்ணா, நாளைக்கு நானும் பின்னாடி ஏறுறேன். குலுங்காத மாதிரி வச்சுக் குடுண்ணா."

கேட்டபடியே வைத்துக் கொடுத்தேன். பாலம் வரைக்கும் அவளுக்குக் குலுங்கியிருக்காது, சார்.