வீரய்யா கங்காணியின் சுக்கான்

உலகத்தாருக்கு மகத்தான செய்தி ஒன்றை முதலில் அறிவித்துக்கொள்கிறேன். உடப்புசல்லாவைக்கு மேலே, பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கிற எங்கள் தோட்டத்தில், கடலைக் கண்ணாலும் கண்டிராத ஒரு மனிதர் பாய்மரப் படகுக்குச் சொந்தக்காரர் ஆனார். பெயர் வீரய்யா. பெரிய கங்காணி. இதைச் சரித்திரத்தில் எழுத யாரும் முன்வராததால் நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் தமிழில் சொல்வதை உங்கள் ரைட்டர் சிங்களத்தில் எழுதுகிறார். என் வாக்கியங்கள் அங்கே போய்ச் சேரும்போது கை கால் ஒடிந்திருக்கும். பரவாயில்லை. நடந்தது சிக்கலான விஷயமில்லை.

என் பெயர் சூசைரட்ணம். தேயிலை பெக்டரியில் தச்சு வேலை. தச்சன் என்பதால் தோட்டத்தில் எல்லாரும் ‘பாசு’ என்பார்கள். படகைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நீர்கொழும்பில் படகு கட்டும் பட்டறையில்தான் நான் உளி பிடிக்கப் படித்தேன். மலைக்கு வந்தபிறகு அந்த வித்தை துருப்பிடித்துக் கிடந்தது.

படகு, தோட்டத்தை நடத்திய வெள்ளைத் தொரையுடையது. பெக்டரி டர்பைனுக்காக ஓடையை மறித்துக் கட்டிய குளத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓட்டுவார். கூடவே பங்களா வேலையாள் மூக்கனையும் ஏற்றிக்கொண்டு அவனுக்கும் பழக்கிவிட்டார். நாடு சுதந்திரம் வாங்கிய சில வருஷத்தில் அவருக்கு இந்த ஊர் சலித்துவிட்டது. சீமைக்குப் போகும்போது நாயை இன்னொரு தோட்டத்துத் தொரைக்கும், படகையும் தன் பழைய கம்பளிக் கோட்டையும் கங்காணிக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றில் நாய்க்குத்தான் நல்ல இடம் கிடைத்தது.

கங்காணி அந்தக் கோட்டைக் கழற்றியதே இல்லை. இன்னொருவன் வியர்வைக்கு மேல் தன் வியர்வையை ஊற்றி, அதற்கு மேல் ஜவ்வாது தடவிக்கொண்டு வருவார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவர் வருவது காற்றிலேயே தெரியும். வாயில் எப்போதும் வெற்றிலை. அவர் துப்புவதை வாங்கப் பித்தளைப் படிக்கம் ஏந்திப் பின்னாலேயே நடப்பதற்கு ஓர் ஆள்: அழகன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவனை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை. அவனைக் கத்தியை வைக்கச் சொல்லி, எச்சில் சட்டியைக் கொடுத்தார். நடக்கும்போது சட்டி தளும்பும். அவன் கட்டைவிரல் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். அந்த விரலோடுதான் அவன் சோறு தின்றான்.

அழகனின் பெண்சாதி காளியாயி. அவளுக்காகத்தான், அவள் புருஷனுக்காகத்தான் நான் இதைச் செய்தேன் என்பதை முதலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

கங்காணி படகைத் தண்ணீரில் விடவில்லை. தன் வீட்டு வாசலில், வருகிறவன் போகிறவன் பார்க்கும்படி நிறுத்திவைத்தார். கோழிகள் அதில் அடைந்தன. மழை அதில் தேங்கியது. அப்படியே கிடந்திருக்கும். ஆனால் தோட்டத்துக்குப் புதுத் தொரை வந்தார், கறுப்புத் தொரை. மாரியம்மன் திருவிழாவுக்கு வருவதாக வாக்கும் கொடுத்தார். உடனே கங்காணிக்கு யோசனை பிறந்தது. முளைப்பாரி கரைக்கும் நாளில், பெண்கள் கரையோரத்தில் கரைத்துக்கொண்டிருக்க, மூக்கன் படகை ஓட்ட, தான் கையில் வாளோடு அதில் நின்று குளத்தைச் சுற்றி வருவது. அம்மனுக்குக் காவலாம்.

வாசலிலிருந்து குளத்துக்குத் தூக்கும்போது படகின் வால்பக்கம் கல்லில் மோதியது. சுக்கானில் வெடிப்பு விழுந்தது. சுக்கான் என்பது படகின் பின்னால் தொங்குகிற பலகை, ஐயா. அதை அசைத்துத்தான் படகைத் திருப்புவது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

“என்னா பாசு, நோயாளி பொழைப்பானா?” என்றார் கங்காணி.

“பாத்துத்தாங்க சொல்லணும்.”

“பூசாரி கண்ணூறுங்கிறான். எலுமிச்சம்பழம் கட்டுனா போதுமாம்.”

“கட்டுங்க. பழத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

மூக்கன் மட்டும் சிரித்தான். பிறகு இருமலாக மாற்றிக்கொண்டான்.

பார்வைக்குத் தெரிந்த வெடிப்பு பெரிய விஷயமேயில்லை. இரண்டு ஆணியில் தீர்கிற காயம். நான் கீழே குனிந்து, சுக்கானைப் படகோடு மாட்டுகிற கொக்கிகளைப் பார்த்தேன். மேல் கொக்கியைச் சுற்றி வண்ணம் லேசாக உப்பியிருந்தது. குத்தூசியை வைத்து அழுத்தினேன். அழுகின மரவள்ளிக்கிழங்கில் போவதுபோல் பிடிவரை போயிற்று. இழுத்தபோது ஊசியோடு ஈரத்தூள் வந்தது, கோழி எச்ச வாடையோடு. மரத்துக்குள் கொக்கிக்குப் பிடிப்பே இல்லை. கீழ்க் கொக்கி மட்டும் தன் புண்ணியத்தில் நின்றது.

இதற்கு வைத்தியம் ஒன்றுதான். பலகையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, நல்ல பலாக்கட்டையில் புதிதாகச் செய்து, கொக்கிகளை ஊடுருவப் பூட்ட வேண்டும். அதைச் சொல்லத்தான் நிமிர்ந்தேன். கட்டை வேண்டுமென்றால் என்னிடமே இருந்தது. இழைத்து வழவழவென்று வைத்திருந்த துண்டு, பக்கத்திலேயே கிடந்தது. கங்காணி அதன்மேல் துப்பினார். அழகன் சட்டியோடு வந்துசேர ஒரு நொடி பிந்திவிட்டான், அவ்வளவுதான். சிவப்பு, மரத்தின் ரேகை வழியே மெதுவாக இறங்கியது. அதில் பாக்குத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது.

“தொடச்சிக்க பாசு,” என்றார்.

காரணம் அதுவல்ல. காரணம் அழகன் என்று சொன்னேன் அல்லவா.

“சின்ன வெடிப்புதாங்க. நாளைக்கு முடிச்சிடலாம்,” என்றேன்.

அழுகலைச் சுரண்டி எடுத்தேன். மெழுகும் மரத்தூளும் குழைத்துக் குழியை அடைத்தேன். கொக்கியை அந்த மெழுகிலேயே பதித்து, மேலே பச்சை வண்ணம் பூசினேன். மிக அழகான வேலை. நீர்கொழும்பு மேஸ்திரி பார்த்திருந்தால்கூட விரலால் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பார். மெதுவாக ஓட்டினால் தாங்கும். காற்று பின்னாலிருந்து அடிக்கையில் சுக்கானை வலித்துப் பிடித்தால் பிய்ந்துகொள்ளும். அப்போது படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும். உட்கார்ந்திருப்பவனுக்கு அது தலைக்கு மேலே போகும். நிற்பவனை அள்ளிக்கொண்டு போகும். கங்காணி ஊரார் முன்னால் உட்காரமாட்டார்.

அவரை நனைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கோட்டோடு, தலைப்பாகையோடு, நனைந்த கோழியாக அவர் கரையேறுவதைத் தோட்டம் பார்க்க வேண்டும். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அணைக்கட்டுப் பக்கம் குளம் ஆழம் என்பதும், கம்பளிக் கோட்டு தண்ணீர் குடித்தால் கல்லாகும் என்பதும் தெரியும். இவற்றை நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணி கேட்டார்: “பாசு, சுக்கான் நிக்குமா?”

“நீங்க பேரன் பேத்தி எடுத்து, அவுங்க பேரன் பேத்தி எடுத்தாலும் நிக்குங்க.”

ஆட்கள் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

திருவிழாவன்று தப்பு அடித்து, மாவிளக்கு எடுத்து, ஊர்வலம் குளத்துக்கு வந்தது. கங்காணி வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு காலைப் படகில் வைத்தார். மூக்கன் சுக்கானைப் பிடித்துத் தயாராக இருந்தான். அப்போது புதுத் தொரையின் கார் வளைவில் ஹாரன் அடித்தது. வைத்த காலைக் கங்காணி எடுத்துவிட்டார். மாலை போட வேறு ஆள் முந்திவிடுவானே. ஆனால் தொரை வரும்போது படகு சும்மா கிடக்கவும் கூடாது. திரும்பிப் பார்த்தார். முளைப்பாரி சுமந்த பெண்களில் முன்னால் நின்ற மூன்று பேரைக் கைகாட்டினார். காளியாயி, நாகலெட்சுமி, மீனம்மா.

“ஏறுங்க. தொரை பாக்க நடுக்குளத்துல போயி கரைங்க.”

முளைப்பாரி உங்களுக்குத் தெரியாது, ஐயா. சட்டியில் வளர்த்த பயிர். கோயிலில் தலையில் ஏற்றினால் தண்ணீரில்தான் இறக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் தெய்வக்குத்தம், பிள்ளைகளுக்கு அம்மை வரும் என்பார்கள். ஆகவே அவர்கள் உட்காரமாட்டார்கள். நின்றுகொண்டுதான் போவார்கள். இரண்டு கையும் சட்டியில் இருக்கும்.

நான் படகுக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். வேலை செய்தவன் என்பதால் எனக்கு அந்த இடம்.

“பாசண்ணே, ஆடுமா இது? எனக்கு மயக்கமா வருது,” என்றாள் காளியாயி.

“ஒன்னய விட இதுக்கு வயசு கம்மிடி. பயப்படாம ஏறு,” என்றாள் பின்னாலிருந்த நாகலெட்சுமி.

மீனம்மா சிரித்தாள். காளியாயி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆடாது தங்கச்சி,” என்றேன்.

கையைப் பிடிக்க முடியாது, சட்டியில் இருந்ததே. முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டேன்.

போகும்போது காற்றில்லை. அணைக்கட்டுப் பக்கம் போனதும் மலைச்சரிவிலிருந்து காற்று இறங்கியது. மூக்கன் சுக்கானை வலிப்பது தெரிந்தது. பிறகு அவன் கையில் வெறும் பிடி மட்டும் இருந்தது. அடிக்கட்டை வீசியது. மூன்று பேரும் ஒரே பக்கமாகப் போனார்கள். அதில் ஒருத்திகூடச் சட்டியை விடவில்லை. மூக்கன் குதித்து மீனம்மாவின் கூந்தலைப் பிடித்துக் கொண்டுவந்தான். மற்ற இருவரையும் மறுநாள் டர்பைன் வாய்க்காலின் கம்பிவலையில் எடுத்தோம். அழகன்தான் இறங்கி எடுத்தான்.

கங்காணி நலமாக இருக்கிறார். அம்மன்தான் கார் ஹாரனாக வந்து தன்னைக் காப்பாற்றினாள் என்கிறார். அந்த இடத்தில் கோயில் கட்டப்போகிறாராம்.

முன்பு சொன்ன ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். ஆழம், நீச்சல், கோட்டு எல்லாவற்றையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். அந்த நாற்றம் இந்த மலையைவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன்; அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. நீங்கள் கேட்பது வேறு. கங்காணி காலை எடுத்ததிலிருந்து படகு கரையைவிட்டு நகரும்வரை நேரம் இருந்ததே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நேரம் இருந்தது. காளியாயியின் முழங்கை என் கையில் இருந்தபோது சொல்லவும் வாயெடுத்தேன்.

என் வேலை மோசம் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.