வாசல் பாத்தி அன்வருதீன்

தோட்டக் கமிட்டித் தலைவர் திரு. தணிகாசலம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! முத்தியால்பேட்டையிலிருந்தும் நெல்லித்தோப்பிலிருந்தும் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடியே கேட்கும் என் தோட்டத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மறைந்த மேஸ்திரி அன்வருதீன் அவர்களின் மகன் பாவா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய தாயார் ஜீனத்துன்னிசா அம்மையார், கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் வெளியே வர இயலாது. நான் இங்கே பேசுவதையெல்லாம் பாவா வீட்டுக்குப் போய் அம்மையாரிடம் சொல்லப்போகிறார். ஆகையால் ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்த முடியாத இடத்தில் நான் நிற்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இராமதாஸ். ஐந்து வருஷங்களாக இந்த நகரத் தோட்டத்தின் சூப்பரின்டெண்ட். பாதையில் ஒரு சருகு கிடந்தால் எனக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்காது. அன்வருதீன் பாய்க்கோ அந்தச் சருகு எருவாகத் தெரியும். அள்ளி மடியில் கட்டிக்கொள்வார். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே தோட்டத்தில் போட்டால் என்ன நடக்கும்? சண்டை நடக்கும். நடந்தது. அதில் யார் ஜெயித்தார் என்று சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

இன்றைக்குப் பதினைந்து நாளுக்கு முன்னால், தை பிறந்த அந்த வாரத்தில், காலை வேலையை முடித்து, கைகால் கழுவிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது! அது சாகிற வயதா? முந்தின நாள்தான் அவர் ஒரு வண்டி தொழு எருவைத் தனியாக இறக்கினார். இறக்கிவிட்டு, 'இன்னொரு வண்டி எப்ப வரும் ஐயா?' என்று என்னைக் கேட்டார். எனக்கு வருத்தமாக இருக்கிறது, பெரியோர்களே. மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அழுவதற்காக நான் இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாய் இங்கே தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தார். அந்நாளில் வருஷந்தோறும் கப்பலில் ஒரு மரப்பெட்டி வருமாம். உள்ளே வைக்கோலில் பொதிந்த தூலிப் பூவின் கிழங்குகள். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்கார முசியே அவற்றைத் தம் கையாலேயே இந்த வாசல் பாத்தியில் நடுவார். வருஷந்தோறும் அவை அழுகும். வருஷந்தோறும் தண்ணீர் ஊற்றினவன்மேல் பழி விழும்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பாய் வாயைத் திறந்தார்.

"முசியே, இது குளிர்ல தூங்குற சாதி. நம்ம ஊர்ல குளிருக்கு எங்க போறது? எங்க கொல்லையில கெடக்குற கெழங்கு காஞ்ச மண்ணுல தூங்கிட்டு வெயில்ல எழுந்துக்கும். அத நட்டுப் பாருங்க."

கொல்லையில் கிடப்பதை வாசலில் நடுவதா என்று முசியே சிரித்தாராம். பாயும் சிரித்துவிட்டுப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போனாரே தவிர, மறந்தாரா? மறக்கவில்லை.

ஐம்பத்துநான்காம் வருஷம் நவம்பரில் கொடி மாறியது. கப்பல் பெட்டி நின்றது. வாசல் பாத்தி சும்மா கிடந்தது. தை மாதத்தில் நான் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் பாய் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "அந்தப் பாத்திய எங்கிட்ட வுட்டுடுங்க ஐயா" என்றார். விட்டேன். மறுநாளே சைக்கிளில் ஒரு கோணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முத்தியால்பேட்டையில் சிவப்பு லில்லிக் கிழங்கு, நெல்லித்தோப்பில் நிலசம்பங்கி, காலாப்பட்டுப் பக்கம் போய்க் கல்வாழை! வீடு வீடாகப் போய், "தாய்க் கெழங்கு வேணாம்மா, பக்கத்துல போட்ட குட்டி போதும்" என்று கேட்டு வாங்கி வந்தார். இங்கே கூடியிருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் அந்தக் கோணியில் கிழங்கு போட்டீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஆகா! நான் நினைத்ததைவிட அதிகம்!

அடுத்த வருஷம் பங்குனியில் வாசல் பாத்தி பூத்தது. உங்களுக்கு நினைவிருக்கும். ஒற்றை இலை வருவதற்கு முன்பே தண்டு தண்டாகச் சிவப்பு. ஊரே பார்க்க வந்தது. நானும் ஒரு சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னவோ நானே நட்டு வளர்த்த மாதிரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது நான் பாவாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

அந்த வருஷம் ஆடி மாதம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வாசல் பாத்தியில் பூ முடிந்து வெகு நாள். நீள நீளமாய் வளர்ந்த இலைகள் சாய்ந்து, துவண்டு, பாதி மஞ்சளாகக் கிடந்தன. என் கண்ணுக்கு அது குப்பை. பாய் அன்று விடுப்பில் இருந்தார். நான் அரிவாளைக் கொடுத்து அத்தனை இலையையும் தரையோடு தரையாக அறுக்கச் சொன்னேன். பாத்தி பளிச்சென்று ஆகிவிட்டது. அதிகாரி பாராட்டினார்.

மறுநாள் பாய் வந்தார். பாத்தியைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இல சமைக்கணும், கெழங்கு சாப்புடணும். அப்பத்தான் வர்ற வருசம் பூ. அடுப்பயே எடுத்துட்டீங்களே!" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், எல்லாம் தானா வளரும், போய் வேலையப் பாருங்க" என்றேன். வளர்ந்ததா? அடுத்த பங்குனியில் வாசல் பாத்தியில் ஒரு பூ இல்லை. ஒன்றுகூட இல்லை! ஊரார் வந்தார்கள், வெறும் மண்ணைப் பார்த்தார்கள், போனார்கள். நெல்லித்தோப்பு ஆதிலட்சுமி அம்மாள் மட்டும் போகவில்லை. அதோ, தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். நேராகப் பாயிடம் போய் நின்றார்.

"எங்கையால குடுத்த கெழங்குய்யா அது! எங்கூட்ல ஒரு வருசம் தப்பாம பூத்துது. உங்க சர்க்கார் தோட்டத்துல மட்டும் அதுக்கு என்னா கேடு?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கயோ கை தப்பிப்போச்சும்மா. அடுத்த வருசம் கண்டிப்பா வாங்க, நான் காட்டறேன்" என்றார்.

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். யாருடைய கை என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆதிலட்சுமி அம்மாளே, அது பாயின் கை இல்லை. என் கை. மூன்று வருஷம் கழித்து இந்த மைக்கின் முன்னால் சொல்கிறேன். வீட்டுக்குப் போகும்போது என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மேலிடத்துக்கு மனு எழுதியிருப்பார். அல்லது அந்தப் பாத்தியே வேண்டாம் என்று கைகழுவியிருப்பார். அன்வருதீன் என்ன செய்தார்? யோசித்தார்! இந்த மனுஷனுக்கு வாடின இலையைப் பார்த்தால் பொறுக்காது, இலை இல்லாவிட்டால் கிழங்கு பிழைக்காது, ஆகவே இவன் கண்ணில் இலை படாமல் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினார். என் குணத்தைத் திருத்த முடியாது என்று தெரிந்துகொண்டு, பாத்தியைத் திருத்தினார்!

அந்த மழைக்காலம் முழுவதும் அவரும் அஞ்சலாட்சியும் பாத்தியில் குனிந்தே கிடந்தார்கள். அஞ்சலாட்சி நம் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாகக் களை எடுப்பவர். வருஷம் முழுவதும் நிற்கும் செடிகளைக் கிழங்குகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். பின்வரிசையில் செம்பருத்தி. அதற்கு முன்னால் இட்லிப்பூ. லில்லிக் கிழங்கு ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒரு நித்தியகல்யாணி. சம்பங்கிக்குப் பக்கத்தில் கனகாம்பரம். லில்லி பூக்கும்போது நித்தியகல்யாணி சின்னதாக இருந்து வழி விடும். லில்லி ஓய்ந்து இலை சாயும்போது நித்தியகல்யாணி பரந்து வளர்ந்து அதை மறைக்கும். ஓய்ந்தவரை நிற்கிறவர் மறைத்துக் காப்பாற்றுகிறார். மழை வந்தால் செடியின் வேர் தண்ணீரை உறிஞ்சிவிடும், கிழங்கு அழுகாது. அடியில் கிழங்கு இருப்பதை மறந்து எவரும் கொத்தவும் முடியாது, மேலே செடி நிற்கிறதே!

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனி! அந்தக் காட்சியை நான் சொல்ல வேண்டுமா? சிவப்பு லில்லி, அதன் காலடியில் வெள்ளையும் ஊதாவுமாக நித்தியகல்யாணி, பின்னால் இட்லிப்பூக் கொத்து. சித்திரையில் லில்லி முடிந்தது, சம்பங்கி எழுந்தது. சம்பங்கி இளைத்தது, கல்வாழை நிமிர்ந்தது. பாத்தி ஒருநாளும் வெறிச்சோடவில்லை. ஆடியில் நான் எட்டிப் பார்த்தேன். எங்கே பாய் அந்த அழுக்கு இலையெல்லாம் என்று கேட்டேன். "இருக்குது ஐயா, உங்களுக்குத்தான் தெரியாது" என்றார். இந்தப் புதுச்சேரியில் அப்படி ஒரு பாத்தியைப் படிப்பு படித்தவர் எவர் போட்டார்? என் சுத்தப் பைத்தியத்திலிருந்து ஒரு கலையையே உண்டாக்கிய மனிதர் அவர்!

சண்டையில் யார் ஜெயித்தார் என்று இப்போது தெரிந்திருக்கும். ஆனால் நான் தோற்று முடிக்கவில்லை, பெரியோர்களே. இன்னொன்று மிச்சம் இருக்கிறது.

உங்கள் இடப்பக்கம் பாருங்கள். மார்கழி மழைக்குப் பிறகு செடிகளைப் பாய் ஒட்ட வெட்டிவிட்டார். அது வழக்கம்தான். கிழங்குகள் மண்ணுக்கடியில் தூங்குகின்றன. ஆகவே இப்போது பார்த்தால் குச்சியும் சேறும்தான். அந்தக் குச்சிகளைச் சுற்றி நான்கு மர முளையும் கயிறும் இருக்கின்றனவே, அவை என்ன? மோட்டார் வண்டிகள் நிற்பதற்குச் சரளைத் தளம் போட எடுத்த அளவு. கமிட்டி இடம் கேட்டது. இடம் சொன்னது யார்? நான்தான். "மேற்படி இடத்தில் தற்சமயம் உபயோகமான செடி எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருஷம் அவரோடு இருந்தும், மார்கழியில் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டேன்!

முளை அடித்த அன்று பாய் என் அறைக்கு வந்தார்.

"கீழ தூங்குதுங்க ஐயா."

"தெரியும் பாய். மேல கமிட்டியில முடிவாயிடுச்சு."

"பங்குனி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க. பூத்தப்புறம் வெட்டட்டும்."

"பூத்தப்புறம் எவனுக்கு வெட்ட மனசு வரும் பாய்?"

"அதுக்காகத்தான் ஐயா கேக்கறேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் அந்தக் கயிற்றைத் தாண்டித் தாண்டிப் போய் எரு போட்டார். வெட்டப்போகிற பாத்திக்கு ஏன் எரு போடுகிறீர்கள் என்று யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. அவர் நம்மை நம்பினார்!

தலைவர் அவர்களே! என் குறிப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதில் எழுதியது தவறு. அந்த இடத்தில் உபயோகமான செடிகள் இருக்கின்றன, இரண்டு மாதத்தில் எழுந்திருக்கும். வண்டிகளுக்குக் கிணற்றுப் பக்கம் இடம் இருக்கிறது. நானே பெருக்கிக் கொடுக்கிறேன். கமிட்டி உறுப்பினர்கள் மூவரும் மேடையிலேயே இருக்கிறார்கள். முடிவை இங்கேயே மாற்றலாம்.

தலைவர் தலையசைக்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா, தலையசைப்பு எனக்குப் போதாது. ஆதிலட்சுமி அம்மாளுக்கும் போதாது. பாவா தம் தாயாரிடம் போய்ச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள்.

பாத்தி இருக்கட்டும் என்கிறார்! எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா? உறுப்பினர்களும் ஆமோதிக்கிறார்கள். நன்றி ஐயா, நன்றி!

அப்படியானால் முளைகள் இன்னும் எதற்கு? நானே அடிக்கச் சொன்னேன், நானே பிடுங்குகிறேன். மைக்கை இப்படிக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள், கயிறு நீளமாகத்தான் இருக்கிறது. இதோ முதல் முளை. இதோ இரண்டாவது. மூன்றாவதுக்குக் குறுக்கே போனால்தான்...

"ஐயா! ஐயா! அங்க கால வெக்காதீங்க! கீழ லில்லி இருக்குது!"

வைக்கவில்லை அஞ்சலாட்சி அம்மா, வைக்கவில்லை. இதோ, ஒற்றைக் காலிலேயே நிற்கிறேன். எங்கே எது தூங்குகிறது என்று பாய்க்கு அடுத்தபடி இந்த உலகத்தில் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பெரியோர்களே, நாளை காலையிலிருந்து வாசல் பாத்திக்கு அஞ்சலாட்சிதான் மேஸ்திரி. ஆணையில் இன்றே கையெழுத்துப் போடுகிறேன். அன்வருதீனின் வேலையை நாங்கள் தொடர்வோம் என்பதற்கு இதற்கு மேல் எனக்கு உறுதிமொழி தெரியாது.

இப்போது சொல்லுங்கள் மேஸ்திரி, இந்தக் காலை நான் எங்கே வைக்கட்டும்?