சலங்கைப் பை

நாகலக்ஷ்மி: பையைக் குடுங்க ஜெரோம்... சலங்கையாச்சே, முதல்ல கண்ணுல ஒத்திக்கறேன்.

ஜெரோம்: ஒத்திக்கோங்க மேடம். திறக்க மட்டும் வேணாம்.

நாகலக்ஷ்மி: உங்க மனைவியே கைக்கு வந்த மாதிரி இருக்கு. ஏஞ்சல் போய் ஏழு மாசம் ஆச்சா?

ஜெரோம்: எட்டு.

நாகலக்ஷ்மி: அவளுக்கு ஒரு நிமிஷ மௌனம் வெச்சிருந்தேன். அரை நிமிஷமாக்கிட்டேன். உலக நடன தினம்... பதினோரு நாட்டு நடனம் இருக்கே.

ஜெரோம்: பதினோரு நாட்டுக்காரங்களும் குரோம்பேட்டைக்கு வந்துட்டாங்களா?

நாகலக்ஷ்மி: எல்லாம் மேடவாக்கம் அபார்ட்மென்ட் பிள்ளைங்கதான். ரஷ்யான்னா தொப்பி, ஸ்பெயின்னா பாவாடை... அது யாரு, வெறுங்காலோட?

ஜெரோம்: சந்திரிகா. ஏஞ்சல்கிட்ட கத்துக்கிட்டவ. உங்க லிஸ்ட்ல இருக்கா.

நாகலக்ஷ்மி: ஆமா, ‘ஏழை மாணவிக்குச் சலங்கை வழங்குதல்’.

ஜெரோம்: அவ ஆடணும் மேடம். மூணு நிமிஷம். ஏஞ்சல் கடைசியா சொல்லிக் குடுத்தது.

நாகலக்ஷ்மி: வாங்கறவங்க ஆடறதில்லை ஜெரோம். ஆடறது நம்ம அறக்கட்டளை மெம்பர் பிள்ளைங்க.

ஜெரோம்: அப்ப சலங்கையை வாங்கி அவ என்ன பண்ணணும்?

நாகலக்ஷ்மி: போட்டோவுக்கு நிக்கணும்.

ஜெரோம்: ...சரி. பையைக் குடுங்க, கெளம்பறேன்.

நாகலக்ஷ்மி: இருங்க, இருங்க... ‘மறைந்த கலைஞரின் சலங்கை’ன்னு அழைப்பிதழ்ல போட்டாச்சு. ரஷ்யாவை எடுத்துடறேன். ரெண்டரை நிமிஷம்.

ஜெரோம்: மூணு.

நாகலக்ஷ்மி: அப்ப மௌனத்தையும் எடுக்கணுமே...

ஜெரோம்: எடுத்துடுங்க. ஏஞ்சலுக்குச் சும்மா நிக்கவே பிடிக்காது.

நாகலக்ஷ்மி: சந்திரிகா, மேடைக்குப் போம்மா... ஏன் ஜெரோம், சலங்கை இல்லாமலா ஆடுவா?

ஜெரோம்: இப்பவே கட்டிட்டா அப்பறம் நீங்க என்னத்த வழங்குவீங்க?

நாகலக்ஷ்மி: அதுவும் சரி... பரவாயில்லையே, நல்லா ஆடறா. அந்தக் கால் வைக்கறது அப்படியே ஏஞ்சல்...

ஜெரோம்: ம்.

நாகலக்ஷ்மி: ஜெரோம்?

ஜெரோம்: பாக்கறேன் மேடம். பேசாதீங்க.

நாகலக்ஷ்மி: ...

ஜெரோம்: ...

நாகலக்ஷ்மி: முடிச்சுட்டா. கைதட்டு நிக்கலையே... சிறப்பு விருந்தினர்கூட பையை ரெண்டு தரம் கண்ணுல ஒத்திக்கிட்டார். இப்ப திறக்கலாம் இல்லையா?

ஜெரோம்: தாராளமா.

நாகலக்ஷ்மி: ...என்ன இது... செருப்பு?

ஜெரோம்: சந்திரிகாவோடது. குடுங்க, வெளிய தார் ரோடு கால் சுடும்.

நாகலக்ஷ்மி: சலங்கை எங்கய்யா?

ஜெரோம்: கல்லறையில. ஏஞ்சல் கால்ல. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் கட்டிவிட்டேன்.