இறக்கத்தில் திரும்பிய மிசின்

1981 அல்லது 82. சிறுபோகத்துக்கு வயல்களைச் சேறாக்கியிருந்த காலம் என்பது மட்டும் நிச்சயம். கல்முனையிலிருந்து சம்மாந்துறை செல்லும் பஸ்ஸில், என் முன்னிருக்கையில் இருந்தவர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"நல்ல காலம் காக்கா, உங்கட மகனுக்கு இறக்கத்தில மிசின் திருப்பத் தெரியாது."

மகளின் கலியாண விறகைப் பெட்டியில் ஏற்றி மகன் ஓட்டிவந்த இரண்டு சில்லு உழவு மிசின் வாய்க்கால் கரைக்கட்டில் குடைசாய்ந்தது என்று மட்டும் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அவன் உசிரோட இருக்கானா? அதச் சொல்லு."

"ஓம், கண்ணால பாத்துட்டுத்தான் உங்களக் கூட்டிப்போக வந்தன். கட்டால இறங்கக்குள்ள ஒரு எருமை மறிச்சிருக்கு. இடக்கைப் பக்கம் வாய்க்கால் ஓரமா விலத்தப் பாத்து, இடக்கைக் கிளச்ச இழுத்திருக்கான்."

"பாரத்தோட இறங்கக்குள்ள இடக்கைய இழுத்தா, மட்டத்தில மாதிரி இல்லாம, வலக்கைப் பக்கம்தானே போகும்?"

"அதுதான் அவனுக்குத் தெரியல்ல. மிசினும் பெட்டியும் வலக்கைப் பக்கம் வயலுக்குள்ள சரிஞ்சிட்டு. இவன் தூரப் பாஞ்சிட்டான். உடம்பெல்லாம் சேறு, ஒரு கீறல் இல்ல. எருமையும் தப்பிட்டு."

"வாய்க்காலுக்குள்ள போயிருந்தா?"

"ஆளுக்கு மேல தண்ணி காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்."

பெரியவர் தொப்பியை உதறித் தலையில் வைத்தார்.

"விறகு?"

"சேத்துக்குள்ள ஊறிக் கிடக்கு."

"கலியாண நாளில ஈர விறகுப் புகை தாங்காம சமையக்காரன் ஏசப்போறான்."

"ஏசுவான்தான்."

"ஏசட்டும். அடுப்பு ஊத இவனத்தான் இருத்துவன்."