ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று சொன்ன கதவு

என் பெயரும் வீட்டு விலாசமும் இத்துடன் இணைத்த தனித்தாளில் உள்ளன. வயது இருபத்தாறு. தகப்பனார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மனநலச் சேவைகளை ஒப்பந்தத்துக்கு விடும் அலுவலகத்தில் உதவி அலுவலராக இருக்கிறேன். மனநலச் சிக்கல் உள்ள பெரியவர்களுக்கும், ஆட்டிசம் போல மூளை வேறு விதமாக வேலை செய்யும் இயல்பு உள்ள பெரியவர்களுக்கும் ஆன உதவி மையங்களை எங்கள் அலுவலகம் தானே நடத்துவதில்லை. யாருக்கு என்ன தேவை என்று விசாரித்து, தகுந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

இந்த முறை தேர்வுக் குழுவில், அந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்ற யோசனை என்னுடையது. கூட்டத்தில் சொல்ல வாய் வராததால், மேலாளர் அம்மா லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்னேன். அதன்படி, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை பார்ப்பவரும், நாங்கள் எல்லோரும் தராசு அண்ணன் என்று கூப்பிடுபவருமான ஒருவர் சேர்க்கப்பட்டார். அவருக்கு ஆட்டிசம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்ன எடைக்குக் கூடாமலும் குறையாமலும் எடுத்துக்கொள்வார் என்பதால் அந்தப் பெயர். அது அவருக்குப் பிடிக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை இரண்டு நிறுவனத்தார் குழுவின் முன் பேசினார்கள். பெரிய நிறுவனத்தின் இயக்குநர் படம் ஓட்டிக் காட்டிய பிறகு, "எங்க கதவு எப்பவும் திறந்தே இருக்கும். எங்க சென்டரை உங்க சொந்த வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். தராசு அண்ணன், "ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமைதான் சார் முதல்ல வரணும்" என்று இயக்குநர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்காமல் தலையாட்டினார். அதன் பிறகு வந்த சிறிய நிறுவனத்தின் ஆலோசகர் அம்மாவிடமும் அவர் அதையே கேட்டார். "ஞாயித்துக்கிழமை பூட்டியிருப்போம். போன் பண்ணினா ஒரு ஆள் எடுப்பாங்க, சில நேரம் தாமதமாகும்" என்று அந்த அம்மா சொன்னார். அந்தப் பதிலுக்குக் குழுவில் பலர் மதிப்பெண் குறைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் பெரிய நிறுவனத்தின் மையத்துக்குப் போயிருக்கிறார். முன்கதவு பூட்டியிருந்ததால், சுத்தம் செய்பவர்கள் திறந்து வைத்திருந்த பின்கதவு வழியாக உள்ளே போய், வீட்டில் செய்வது போலவே செருப்பைச் சுவரோரம் விட்டு, தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, வரவேற்பறை சோபாவில் படுத்துத் தூங்கியிருக்கிறார். காவலாளி போனில் தெரிவித்ததும், ஆள் யார் என்றுகூடக் கேட்காமல் போலீசைக் கூப்பிடும்படி இயக்குநர் சொன்னதாகக் காவலாளியே பிறகு என்னிடம் கூறினார்.

அதன் பிறகு அண்ணனின் அக்கா எனக்கு போன் செய்து, "பாப்பா, அத்துமீறி நுழைஞ்சான்னு என் தம்பியை ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. கேஸ் ஆச்சுன்னா லைப்ரரி வேலை போயிரும். நீதானே அவனைக் கமிட்டியில போட்ட, நீயே வந்து பேசு" என்றார். நான் கிளம்பியபோது அப்பா, "பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்புல இறங்குற ஆளு நீ. ஸ்டேஷன்ல போயி என்னத்தப் பேசப்போற?" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அவரே வண்டியில் இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்.

நான் வந்தபோது அண்ணன் பெஞ்சில் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் பதில் இல்லை என்பதால் மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று ஆய்வாளர் யோசித்துக்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு நேர் மேலே டியூப்லைட் இரைந்துகொண்டிருந்தது. அதை அணைக்க முடியுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்காததால் மறுபடியும் கேட்டேன். தலைமைக் காவலர் அணைத்தார். அண்ணன் காதிலிருந்து கையை எடுத்து, "இப்ப கேளுங்க" என்றார். ஏன் உள்ளே போனீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, "வரச் சொன்னாங்க, போனேன்" என்றார்.

அதன் பிறகு இயக்குநர் வந்தார். வெள்ளிக்கிழமை அவர் பேசியதை அவரை வைத்துக்கொண்டே ஆய்வாளரிடம் சொன்னேன். "அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க" என்றார் இயக்குநர். அண்ணன் அவரைப் பார்த்து, "அன்னைக்கு வேற எதெல்லாம் பேச்சுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுங்க சார், நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றார் ஆய்வாளர். அதன் பிறகு இயக்குநர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

மறுநாள் குழு மீண்டும் கூடியது. நான் எழுந்து நின்று, எதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது என்று ஸ்டேஷனில் அண்ணன் கேட்ட கேள்வியை இரண்டு நிறுவனத்தாரிடமும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை உட்காரவில்லை. பெரிய நிறுவனம், தன் விண்ணப்பத்தில் இருந்த எந்நேரமும் உதவி என்பதையும் காத்திருப்பே கிடையாது என்பதையும் 'எங்கள் நோக்கம்' என்று மாற்றிக் கொடுத்தது. ஆலோசகர் அம்மா, "நான் அப்படி எதுவும் சொல்லலியே" என்று குழம்பிப்போய் நின்றார். குழு முழுவதும் அவருக்கே கை தூக்கியது. மேலாளர் அம்மா இரண்டு கைகளையும் தூக்கினார். "ஒரு தூக்கம் போட்டு ஊருக்கே நல்ல சென்டர் வாங்கிக் குடுத்துட்டானே" என்று செய்தி கேட்ட அக்கா சொன்னதற்கு, "ரெண்டு தூக்கம். பஸ்லயும் தூங்கினேன்" என்று அண்ணன் திருத்தினார்.

புகாரை முடித்து வைப்பதற்காக நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தலைப்பில் அண்ணனை 'மனநிலை சரியில்லாத நபர்' என்று குறித்திருந்ததை அடிக்கச் சொன்னேன். "வேற என்னன்னும்மா போடறது?" என்று எழுத்தர் கேட்டார். 'தேர்வுக் குழு உறுப்பினர்' என்று போடச் சொன்னேன், போட்டார். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடியே உள்ளது. யார் தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னேன்.

அடித்தல் ஒன்று. அதன் அருகில் என் சுருக்கொப்பம்.

(ஒப்பம்)